ஏழரை மணிக்கு நிலா சிவக்கும்

"ஏழரை மணிக்கு உலகம் முடியப் போவுது. நீ நாளைக்கு இட்லிக்கு மாவாட்டிக்கிட்டு இருக்கிற!"

அந்துவான் போட்ட சத்தத்துக்கெல்லாம் பிலோமின் கிரைண்டரை நிறுத்தவில்லை.

"முடியலைன்னா காலையில தட்டைத் தூக்கிட்டு முதல் ஆளா நீங்கதான் வந்து நிப்பீங்க."

நிலா ரத்தமாக மாறும் என்று வேதத்தில் இருக்கிறது. இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, முழுச் சந்திர கிரகணம். பாரிஸில் இருக்கும் பிலோமினின் தம்பி கிரகண நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்க, ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் அந்துவான் சும்மா இருப்பாரா? ஒரு மாதமாகக் கூடத்துச் சுவர் முழுக்க அம்புக்குறிகள், வட்டங்கள், பைபிள் வசன எண்கள். சாரம் ஏரியா முழுக்க இதே பேச்சு.

பிலோமினுக்கு எரிச்சலாக வந்தது. நிலாவுக்காக இத்தனை கவலைப்படும் மனுஷன், பெற்ற மகளை நாலு வருஷமாக வாசல்படி ஏறவிடவில்லை. சேதராப்பட்டுக் கம்பெனியில் கூட வேலை பார்த்த இளஞ்செழியனை மகள் மர்த்தின் காதலித்துக் கட்டிக்கொண்டாள், அதுதான் குற்றம். பேத்தி பிறந்து, தத்தித்தத்தி நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. இவர் போட்டோவைக்கூடப் பார்க்கவில்லை.

மதியம் கீழ்வீட்டு டெய்லரைக் கூப்பிட்டார்.

"பாய், உங்க மிஷின் சத்தத்தைப் பத்தி வீட்டுக்காரருக்கு மொட்டைக் கடுதாசி போட்டது நான்தான். கடைசி நாள்ல பகை கூடாது. மன்னிச்சிடுங்க."

அக்பர் அலி தலையைச் சொறிந்தார். "பரவால்ல சார். அப்ப ஏழரைக்கு மேல மிஷின் ஓட்டலாம்ல?"

அவர் போனதும் அந்துவான் தொண்டையைச் செருமினார்.

"உன் பொண்ணையும் வரச் சொல்லு. அந்தப் பையனையும்தான். வேதத்துல சொல்லியிருக்கிறதால கூப்புடுறேன். எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல."

பிலோமின் அவசர அவசரமாகப் போட்டதில், போனில் நம்பர் ரெண்டு தடவை தப்பாகப் போனது.

அரியாங்குப்பத்திலிருந்து மூன்று பேரும் ஆறரைக்கே வந்துவிட்டார்கள். எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். ஏழரை ஆனது. ஏழே முக்காலும் ஆனது. நிலா, பொரித்த அப்பளம் அளவுக்குக்கூடச் சிவக்கவில்லை.

அந்துவான் மேலே பார்க்கவே இல்லை. மடியில் உட்கார்ந்திருந்த பேத்தி அவர் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

பிலோமின் ஓரமாகப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஐயோ அக்கா, நான் அனுப்பினது எங்க ஊரு நேரம். உங்களுக்குப் பதினோரு மணிக்குத்தான் சிவக்கும்."

அவளுக்குப் பகீரென்றது. மாப்பிள்ளை எதிரில் இந்த மானக்கேடு தெரிந்தால் மனுஷன் பழையபடி மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாரே! வேறு யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"என்னங்க, கோவப்படாதீங்க. நீங்க பார்த்தது பாரிஸ் நேரமாம். நம்மளுக்குப் பதினோரு மணியாம்."

அந்துவான் மகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார்.

"முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவனுக்கு அது தெரியாதா? பதினோரு மணின்னா பாப்பா தூங்கிப் போயிருக்குமே!"