பன்னிரண்டாவது அடுக்கு

கடலடிச் சேற்றில் கிடக்கும் நுண்சிப்பிகளைச் சோதித்துப் பழங்காலக் கடலின் வெப்பத்தைக் கண்டறிவது எங்கள் குடும்பத் தொழில். பன்னிரண்டாவது அடுக்கு படிந்த காலத்தில் கடல் வெதுவெதுப்பாக இருந்தது என்று சொன்னவர், மறைந்த என் அப்பா. எங்கள் பெயரே அதில்தான் நிற்கிறது.

“மத்தவங்க எல்லாருக்கும் அந்த அடுக்கு குளிராத்தான் வருது. தாத்தா அதுல வெப்பக் காலத்து மேலடுக்குச் சேத்தைக் கலந்துட்டாருன்னு பேசிக்கிறாங்கப்பா,” என்றாள் என் மகள்.

“பேசட்டும். கணக்குல கை வெக்கிற வம்சம் இல்லை இது.”

“சேத்துக்கு வம்சமெல்லாம் தெரியாதுப்பா.”

அதே கடலடியில் புதிதாக ஒரு குழாய் இறக்கிச் சேறு எடுக்கச் செய்தேன். முத்திரை உடையாத குழாயைக் குளிர் அறையிலிருந்து கொண்டுவந்து, இன்று காலை நாங்கள் இருவரும் நெடுக்காகப் பிளந்தோம். மனிதக் கை படாத சேறு அது.

பன்னிரண்டாவது அடுக்கில் ஒரு கரண்டி அளவு தோண்டப்பட்டிருந்தது. குழியில் மேலடுக்கின் செஞ்சேறு அடைக்கப்பட்டு, கட்டைவிரலால் அழுத்தப்பட்டிருந்தது. ரேகையின் குறுக்கே ஒரு தழும்பு. அந்த விரலைப் பிடித்துத்தான் நான் நடை பழகினேன்.

ஆயுள் முழுக்க அவருக்காக வாதாடிய என்னிடம்கூட அவர் சொல்லவில்லை.

மகள் கேமராவை எடுக்கப் போனாள். அவள் திரும்புவதற்குள் தடத்தை அழித்துவிட என் கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன்.

சேறு வெதுவெதுப்பாக இருந்தது.