முப்பத்தெட்டுக் கோப்புகளுக்குள் மூன்று வரி

நஸ்லின் அந்த மூன்று வரியையும் இருபத்திரண்டாவது கோப்பில் வைத்தாள்.

முன்னால் இருபத்தொன்று, பின்னால் பதினாறு. அவற்றிலெல்லாம் எழுத்தின் அளவும் பொத்தானின் நிறமும்தான் மாறியிருந்தன. முப்பத்தெட்டையும் ஒரே பொதியாகக் கட்டி, தலைப்பில் ‘நிறம், எழுத்துத் திருத்தம்’ என்று எழுதினாள்.

பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் அவளைக் குத்தியது.

அஸர் தொழுகைக்குப் பிந்திய அந்தக் கணினி வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒரு விஷயத்துக்கு ஒரு பொதி. என்ன மாற்றினோம் என்பதைத் தலைப்பில் சொல்ல வேண்டும். இன்னொருவர் வரி வரியாகப் பார்த்துச் ‘சரி’ போட்டால்தான் அது செயலியில் சேரும். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவளே நஸ்லின்தான்.

செயலி சின்னது. நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும். நாவிதன்வெளி வயலுக்குள், தொழுகைக்கு அழைக்கும் பள்ளிவாசல் பாங்கு கேட்காது. இந்த முறை அறுவடையும் நோன்பும் ஒன்றாய் வந்தன. முதலில் வாப்பாவின் போனில்தான் ஏற்றிக் கொடுத்தாள். வாப்பா வரப்பில் இருந்துகொண்டு எல்லோருக்கும் காட்டினாராம்.

“எங்கட மகள் செஞ்சதுதான் இனி நமக்குப் பாங்கு.”

நாற்பது போன்களுக்கு அது பரவியது.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் மூன்று நாள். நேர அட்டவணையில் ஆறு பதினைந்துக்குப் பதில் ஆறு பதினொன்று என்று தட்டியிருந்தாள். அந்த மூன்று நாளும் மழை மப்பு. சூரியன் எங்கே நிற்கிறதென்று எவருக்கும் தெரியவில்லை. நாலு நிமிடம் முந்தி வாப்பா பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

பெருநாள் கழிந்து, போன கிழமைதான் அவள் அதைக் கண்டாள். அறியாமல் திறந்தாலும் அந்த நோன்பைத் திரும்பப் பிடித்தே ஆக வேண்டும். அவர்கள் பிடிப்பதென்றால் அவள் சொல்ல வேண்டும்.

வாப்பாவுக்கு முன்னால் இரண்டு தரம் வாயைத் திறந்தாள். இரண்டு தரமும், சோறு போடவா என்று கேட்டாள்.

எதிர் மேசையில் காலிதீன் அவளுடைய பொதியைத் திறந்தான். பகலில் அதே வயல்களில் நெல் வெட்டும் மெஷின் ஓட்டிவிட்டு வகுப்புக்கு வருகிறவன். நஸ்லினின் பொதியென்றால் கண்ணை மூடிக்கொண்டு சரி போடலாம் என்பான். அந்த நேர அட்டவணைக்கும் அப்படித்தான் போட்டான்.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி அலுமாரியில் அவன் திரை தெரிந்தது. கோப்புகள் சரசரவென்று ஓடின.

ஓரிடத்தில் நின்றன.

நீக்கியது சிவப்பில் மூன்று வரி. சேர்த்தது பச்சையில் மூன்று வரி.

நஸ்லின் தன் திரைக்குக் கண்ணைத் திருப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் திரையில் ‘சரி’ வந்து விழுந்தது. கேள்வியும் இல்லை, குறிப்பும் இல்லை. இனி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அட்டவணையில் நேரம் சரியாகிவிடும். அந்த மூன்று நாளை எவரும் அறியமாட்டார்கள்.

வகுப்பெடுக்கும் நளீம் சேர் தேத்தண்ணித் தட்டோடு வந்தார். காலிதீன் தன் கிளாஸை மெதுவாகத் தள்ளி வைத்தான்.

“என்னடா, ஆறு நோன்பா?” பெருநாளுக்குப் பின் விரும்பினவர்கள் பிடிக்கும் ஆறைத்தான் சேர் கேட்டார். “கலியாணம் பேசினதோட நல்ல புள்ளயாகிட்டாய்!”

“இல்ல சேர். மூணுதான். இண்டைக்கு முடியிது.”

நஸ்லினின் பக்கம் அவன் திரும்பவேயில்லை. மூன்றாவது இன்றைக்கென்றால், இந்தப் பொதியைத் திறக்க முன்னமே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், வாப்பாவின் இலக்கத்தை அழுத்தினாள்.

வாப்பா இப்போது வேலைசெய்யும் சம்மாந்துறை நெல் ஆலையில் இது அவர் தேத்தண்ணி குடிக்கிற நேரம்.