கால் எங்கே

கண்ணப்பன் மறுபடியும் பட்டனை அமுக்கினான். டிவியில் கம்பு நின்றது, தலைப்பாகை நின்றது, இடுப்பு வரைக்கும் ஆள் நின்றார். அதற்குக் கீழே படமே இல்லை.

பாவி, காலை விட்டுவிட்டானே!

எடுத்தவன் கல்யாண வீடியோக்காரன். மாப்பிள்ளை முகத்தையும் பெண் கழுத்தையும் எடுத்துப் பழகியவனுக்கு, மனிதனுக்குக் கால் என்று ஒன்று உண்டு என்பதே மறந்து போயிருக்கும். போன வருஷம் வல்லக்கோட்டை ஆடிக் கிருத்திகையில் நடந்த சிலம்பத்தை ஒன்று விடாமல் எடுத்திருக்கிறான். ஒருத்தருக்கும் கால் இல்லை.

கண்ணப்பனுக்கு வேண்டியது கால் மட்டும்தான்.

நாளைக்கு அதே வல்லக்கோட்டையில் வாலாஜாபாத் நடேசன் எதிரே நிற்பான். வருஷா வருஷம் நிற்கிறான். கம்பைத் தலைக்கு மேலே சுழற்றிப் போக்குக் காட்டிவிட்டு, பின்பக்கமாகக் கொண்டுவந்து கணுக்காலில் வைப்பான் ஒன்று. கூட்டம் கொல்லென்று சிரிக்கும். கண்ணப்பன் நொண்டிக்கொண்டே ஒரகடம் வந்து சேருவான். மறுநாள் கம்பெனி கேட்டில் இந்த வருஷமும் அதே காலா என்று விசாரிப்பவர்களிடம் பல்லைக் காட்ட வேண்டும். வயதும் ஐம்பதை நெருங்குகிறது. நாளைக்கும் விழுந்தால் இனிமேல் கம்பையே தொடுவதில்லை என்று முருகன் மேல் சத்தியம் பண்ணிவிட்டான்.

அந்த அடிக்குத் தப்ப ஒரு காலடி உண்டு. அது வல்லக்கோட்டை வாத்தியாரின் சொத்து. அடி வருகிற நேரத்தில் மனிதர் வேறு பக்கம் பார்த்து நிற்பார். எப்படித் திரும்பினார், கால் எங்கே போயிற்று, ஒருத்தனுக்கும் பிடிபடாது.

தன் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் போய்க் கெஞ்சினான். வெளியூர்க்காரனுக்குச் சொல்லித் தருவதில்லை என்று அனுப்பிவிட்டார். வாத்தியார் சொல்லாவிட்டால் மண் சொல்லட்டும் என்று, விடிந்ததும் விடியாததுமாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவருடைய களத்துக்குப் போவான், முந்தின நாள் ஆடிய காலடித் தடத்தைப் பார்க்க.

போகிறபோதெல்லாம் களத்தைச் சுத்தமாகப் பெருக்கி வைத்திருப்பார்கள். விளக்குமாற்றுக் கோடுதான் மிச்சம். அதுவும் ஊரில் எல்லாரும் பெருக்குகிற மாதிரி இருக்காது, எதிர்ப்பக்கம் வளைந்து பிறை பிறையாகக் கிடக்கும். அதை வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்புவான்.

வாத்தியார் செத்த பிறகு காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சிலம்பப் புத்தகம் கிடைத்தது. மூன்றாவது படத்தில் இடது கால் முன்னால். நான்காவது படத்தில் வலது கால் முன்னால். நடுவில் என்ன நடந்தது? தக்க ஆசானிடம் கேட்டுத் தெளியவும் என்று அடியில் போட்டிருந்தது. ஆசான் இருந்தால் உன் புத்தகத்தை ஏன்டா வாங்குகிறேன் என்று அதைச் சுவரில் அடித்தான்.

இப்போது கேசட். படத்தில் ஆடுகிறவர் அந்த வாத்தியாரின் சீடர். கேட்டால் அவரும் வாயைத் திறக்க மாட்டார். கால் திருட்டுத்தனமாகவாவது மாட்டும் என்றுதான் ஷிப்டை மாற்றிக்கொண்டு டெக்கும் டிவியும் வாடகைக்குக் கொண்டுவந்தான். ஏதோ சினிமா போடப்போகிறான் என்று வேர்க்கடலையோடு வந்து உட்கார்ந்த தெரு சனம், வெறும் கம்பு என்று தெரிந்ததும் தோலைப் போட்டுவிட்டு எழுந்து போயிற்று.

அவன் மனைவி கோவிந்தம்மா அந்தத் தோலைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளும் வல்லக்கோட்டைக்காரிதான்.

கண்ணப்பன் டெக்கை ஓங்கித் தட்டினான். கால் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"எல்லாம் அந்தக் களத்த பெருக்குனவ பண்ண வேல. அந்தக் கை வெளங்குமா?"

புதுச் சாபம் ஒன்றுமில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து கணுக்கால் வீங்கும்போதெல்லாம் சொல்வதுதான். எண்ணெய் தேய்த்துவிடும் கோவிந்தம்மாவிடமே சொல்வான். அவள் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

இன்றைக்குத் தோலை வாசலில் தள்ளியவள், அங்கேயும் பெருக்கத் தொடங்கினாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"கால் எங்கியும் போவாதுயா. வாத்தியாரு நின்ன எடத்துலயே குதிகால்ல திரும்புவாரு. தெனம் அங்க ஒரு குழி வுழும். யாராச்சும் கால் மடிஞ்சி வுழப்போறாங்கன்னு அத்த மூடச் சொல்வாரு."

கண்ணப்பன் இடது காலை முன்னால் வைத்து நின்றான். இரண்டு குதிகாலிலும் அப்படியே திரும்பினான்.

வலது கால் முன்னால் இருந்தது. நான்காவது படம்.

அட முருகா, இவ்வளவுதானா! ஒளித்து வைக்கப் பெருக்கவில்லை. குழியை மூடத்தான் பெருக்கியிருக்கிறார்கள். இத்தனை வருஷ அடியும் வீண். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் வாசலுக்கு ஓடினான், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க.

கோவிந்தம்மா வாசலைப் பெருக்கி முடித்து, விளக்குமாற்றை இடது கையில் பிடித்தபடி நின்றாள்.

வாசல் முழுக்க எதிர்ப்பக்கம் வளைந்த பிறைகள். தினமும் ஷிப்டுக்குப் போகும்போது அவன் மிதித்துக்கொண்டு போகிற அதே கோடுகள்.

படியிலிருந்து இறங்கத் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று கண்ணப்பனுக்குத் தெரியவில்லை.