சத்தம் போடக் கூடாத இடம்

மகன் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்காகவே அம்மா அவனை இங்கே கூட்டி வந்திருந்தாள்.

ஏரிக்கரையில் பறவை பார்க்கிறவர்களுக்கென்று ஒரு மரக் குடில். உள்ளே நீளமாக ஒரு பெஞ்சு. தண்ணீரைப் பார்த்தபடி ஒரு முழ உயரத்துக்குச் சன்னல். சன்னலுக்கு மேலே ‘சத்தம் போடாதீர்கள்’ என்று ஒரு பலகை. அந்தப் பலகையைப் பார்த்த அன்றே இதுதான் இடம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

மகன் மீன் சந்தையில் ஏலம் விடுகிறவன். அங்கே அவனுக்கு மைக்செட் என்று பெயர். வீட்டில் உப்பு எங்கே என்று அவன் கேட்டால் எதிர் வீட்டுக்காரர் எழுந்து தேடுவார். தங்கமான பிள்ளைதான். ஆனால் அவன் குரல் உயர்ந்தால் அம்மாவுக்குச் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். இன்று சொல்ல வந்ததோ லேசுப்பட்ட விஷயமில்லை.

சந்தைக்கு விடுமுறை என்பதால் விடியும் முன்பே எழுப்பி இழுத்து வந்துவிட்டாள். அவனும் சந்தேகப்படவில்லை. குளிர் போனதிலிருந்து அம்மா ஒரு ஞாயிறு விடாமல் இங்கே வருகிறாள். வயதான காலத்தில் அவளுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான், அதுவும் அவன் குரலில்.

குடிலில் இவர்களைத் தவிர ஒரே ஒருவர், பீரங்கி மாதிரி ஒரு கேமராவோடு. மகன் கொட்டாவி விட்டதற்கே திரும்பி முறைத்தார். அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

மரமெல்லாம் புதுத் தளிர். ஒரு வாத்து குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போனது. நாணல் ஓரத்தில் நின்ற நாரை ஒரு மீனைக் கவ்வியதும், மகன் பழக்கதோஷத்தில் அதற்கு விலை வைக்க வாயைத் திறந்தான். கேமராக்காரர் ‘உஷ்’ என்றார்.

இதுதான் சமயம்.

அம்மா அவன் காதோரம் சாய்ந்து சொன்னாள். பள்ளிச் சீருடை தைக்கிற தனக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. கண்ணாடிக் கடைக்குப் போனது. கடைக்காரரே கண்ணைச் சோதித்து மாட்டிவிட்டது. அந்தக் கண்ணாடி அதற்குப் பிறகு வாரம் தவறாமல் லூசாகிக்கொண்டே இருந்தது. ஞாயிறுதோறும் அவரும் இங்கே வந்தது. அவருக்கும் துணை இல்லை. கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கிறது.

“நீ வேணாம்னா வேணாம்டா.”

பேச்சுக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை. அவன் முகம் கோணினால் நாளைக்கே கண்ணாடியை வேறு கடையில் கொடுத்து இறுக்கிக்கொள்வாள். அழுகை வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

மகனின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. பலகையைப் பார்த்தான், கேமராக்காரரைப் பார்த்தான். வாய் மூடிக்கொண்டது.

பிறகு அம்மாவின் மடியிலிருந்த பைனாகுலரை வெடுக்கென்று எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு ஏரியைத் துழாவ ஆரம்பித்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் இந்தத் துழாவல் என்று அவளுக்குத் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா? இவன் கத்தியிருந்தாலே தேவலை என்றிருந்தது.

எதிர்க்கரை வந்ததும் பைனாகுலர் நின்றது. நின்றது நின்றதுதான்.

கொஞ்ச நேரத்தில் அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அம்மா பதறினாள். அவன் பைனாகுலரை அவளிடம் நீட்டி, எதிர்க்கரைப் புதரைக் காட்டினான்.

புதருக்குப் பின்னால் பாதி ஒளிந்தும் பாதி தெரிந்தும் கண்ணாடிக் கடைக்காரர் நின்றிருந்தார். நீங்கள் வீட்டிலேயே இருங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்று அம்மா நேற்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் கையிலும் ஒரு பைனாகுலர். இந்தக் குடிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் அதை முன்பின்னாக மாற்றிப் பிடித்திருந்தார். அப்படிப் பிடித்தால் பக்கத்தில் இருப்பதுகூட எங்கோ கண்காணாத தேசத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர்!

அம்மாவுக்கு மானம் போயிற்று.

“அவரா?” என்று மகன் கிசுகிசுத்தான். அவன் கிசுகிசுத்து அவள் இதுவரை கேட்டதே இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மகன் எழுந்தான். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். சந்தைக்குப் பெரிய மீன் வந்து இறங்கும்போது இழுக்கிற மாதிரி மூச்சை இழுத்தான். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“சார்! கண்ணாடிய மாத்திப் புடிச்சிருக்கீங்க! திருப்பிப் பாருங்க, அம்மா இங்க பக்கத்துலதான் இருக்காங்க!”

ஏரியே எழுந்து பறந்தது. கொக்கு, நாரை, நாணலுக்குள் இருந்ததே தெரியாமல் இருந்தவை எல்லாம் சடசடவென்று கிளம்பி வானத்தை மறைத்தன. கேமராக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மா கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள்.

இத்தனை ஞாயிறு வந்துபோனவள் பறவை பார்த்தது அன்றைக்குத்தான்.