முன் சீட்டுப் புளிமுகம்

"அந்தம்மா இன்னிக்கும் ஒண்ணும் சொல்லலையா?"

கடைசி ஸ்டாப்பில் எஞ்சினை அணைக்கும் முன்பே டிரைவர் கேட்டார்.

"இல்லண்ணே," என்றார் கண்டக்டர். "அதே மூஞ்சிதான். புளியைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி."

"இறங்கி எங்கே போச்சு?"

"எதிர்ப்பக்கம் போய் வேற பஸ்ஸுக்கு நிக்குது."

"பார்த்தியா! நம்ம பஸ்ஸே பிடிக்கலை."



அலுங்காமல் ஓட்டுவதில் டிரைவர் மன்னன். முட்டைக் கூடையோடு ஏறிய வியாபாரி ஒரு விரிசல் இல்லாமல் இறங்கினார். இறங்கும்போது இரண்டு முட்டை குஞ்சு பொரித்திருந்ததாகவும் கேள்வி. அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆனால் அவருக்கு ஒரு வியாதி. ஏறியவர்கள் அத்தனை பேரும் பாராட்ட வேண்டும். இறங்குகிறவர்களைப் பிடித்து, "எப்படி சார், வண்டி அலுங்கிச்சா?" என்பார். "சேச்சே, தொட்டில் மாதிரி!" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். அதைக் கேட்டால்தான் இவருக்கு அன்றைக்குத் தூக்கம்.

முன் சீட்டு அம்மா மட்டும் சொல்லவில்லை. சாயங்கால டிரிப்பில் ஏறுவார். கைப்பையை மடியில் இறுக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஸ்டாப் வரை முகத்தைச் சுளித்தபடியே வருவார்.

டிரைவர் என்னதான் செய்யவில்லை? அந்த சீட்டைத் துடைத்தார். மெத்தை வாங்கிப் போட்டார். வேகத்தடை வந்தால், சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போகிற அளவுக்கு ஊர்ந்தார். ஒவ்வொரு முறையும் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க அது இன்னும் சுருங்கும்.

வீட்டில் சோறு இறங்கவில்லை.

"ஒரு பஸ் ஜனமே புகழுது. ஒருத்தி உம்முனு வந்தா என்னவாம்?" என்றாள் மனைவி. "சாப்பாடு எப்படின்னு நான் கேட்டு, நீங்க ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கீங்களா? நான் தூங்கலையா?"

"உனக்குப் புரியாதுடி. அது புகார் குடுக்கப் போகுது. என் வேலைக்கே உலை வைக்கப் போகுது."

மறுநாள் சாயங்காலம். கண்ணாடியில் புளிமுகம்.

வளைவில் திருப்பினார், பார்த்தார். கியர் மாற்றினார், பார்த்தார். உதடு லேசாக அசைகிற மாதிரி இருந்தது. சிரிக்கப் போகிறாரோ?

"லாரி! லாரி!"

அலறியது அந்தம்மாதான்.

பிரேக் போட்ட வேகத்தில் ஒருத்தர் மடியில் ஒருத்தர் விழுந்தார்கள். முன்னால் நின்றிருந்த லாரியை இடிக்க ஒரு சாண்தான் பாக்கி.

"கண்ணை எங்கய்யா வச்சிருந்தே?" என்று கத்தியவர், முந்தின நாள் 'தொட்டில்' என்று சொன்ன அதே ஆள்.

 டிரைவர் திரும்பினார். அப்போதும் பார்த்தது முன் சீட்டைத்தான்.

"இன்னும் என் மூஞ்சியவே பார்க்கிறியே! இதுல என்னப்பா இருக்கு? ரோட்டைப் பாரு!"

அடுத்த நாள் டிரைவர் அந்தக் கண்ணாடியைக் கதவுப் பக்கமாகத் திருப்பிவிட்டார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கழுத்து தன்னால் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் விசில். யாரோ இறங்கினார்கள். மறுபடி விசில். கிளம்பிவிட்டார்.

கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் ஓடி வந்தார்.

"அண்ணே, அந்தம்மா இன்னிக்கு ஆஸ்பத்திரி ஸ்டாப்பிலேயே இறங்கிடுச்சு!"

"இறங்கட்டும்யா. பிடிச்சா வரட்டும், பிடிக்கலைன்னா போகட்டும்."

"அட, கேளுங்கண்ணே! அதுக்கு வீடே அங்கேதானாம். 'அப்புறம் ஏம்மா தினம் கடைசி வரைக்கும் வந்து, வேற பஸ் பிடிச்சுத் திரும்பிப் போனீங்க?'ன்னு கேட்டேன்."

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"'நானும் பாதியில இறங்கிட்டா, மிச்ச ஜனத்துக்காக ரோட்டைப் பார்க்க ஒரு ஆள் வேணாமா?'ன்னு சிரிச்சுக்கிட்டே போகுதுண்ணே!"