எடுத்துக் கொடுத்த வரி

ஜெபத்தை வாசித்துக்கொண்டிருந்த போதகர் நிறுத்திவிட்டார்.

நான்காவது ஞாயிறாக, அதே வரியில்.

முதல் வரிசையில் அவர் மனைவி கிருபை. ஜெபப் புத்தகம் மடியில் திறந்திருக்கிறது. பழைய வெள்ளைக்கார ராஜாவின் பெயர்மேல், ஜப்பான்காரர்களின் அலுவலகம் ஒட்டச் சொன்ன காகிதத் துண்டு. பசை காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது.

வானத்தின் குமாரனாகிய எங்கள் சக்கரவர்த்தி.

நான்கு சொற்கள்.

சக்கரவர்த்திக்காக ஜெபிக்க அவருக்குத் தடையில்லை. ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கும்படி வேதத்தில் பவுலே சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு சொற்கள்தான் நாக்கில் ஏற மறுக்கின்றன. அவருக்குத் தேவகுமாரன் ஒருவர்தான்.

முதல் ஞாயிறு அவர் அந்த வரியில் நிறுத்தியபோது, கடைசி வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்த, ஜப்பான்காரர்களின் மொழிபெயர்ப்பாளர் சிங்காரவேலு நிமிர்ந்தார். பயத்தில் அவளே அந்த வரியை உரக்கச் சொல்லிவிட்டாள். சபை ஆமென் என்றது. அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

வெளியே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சிங்காரவேலு சிரித்தார்.

“போதகரய்யாவுக்கு மறதி வந்திருச்சு. நீங்களே எடுத்துக் குடுத்துருங்கம்மா. யாராச்சும் ஒருத்தர் சொன்னாச் சரி. யாருமே சொல்லலைன்னா நான் எழுதியாகணும்.”

போன மாதம் சிங்காரவேலு பெயர் எழுதிக்கொடுத்த பள்ளிக்கூட வாத்தியார் இன்னும் வீடு திரும்பவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் சொன்னாள். பழகிவிட்டது, அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு பழகியதுபோல.

இன்று காலை, அங்கியின் மேல் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தவர் சொன்னார்.

“மூணு வாரமா என் பாவத்தை உன் வாயில வச்சிருக்கேன், கிருபை.”

“வாய் என்னோடது. நீங்க கழுத்தைத் தூக்குங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. பொத்தான் ஏறவில்லை.

இப்போது சபை காத்திருக்கிறது.

பின்னால் ஒரு தாள் புரள்கிறது.

அவள் வாயைத் திறக்கிறாள்.

பீடத்திலிருந்து அவர் அவளைப் பார்க்கிறார். தலை மிக லேசாக அசைகிறது.

வேண்டாம்.

மறந்துபோனவரின் முகமில்லை அது. கல்யாணமாகிப் பினாங்கில் கப்பல் இறங்கிய அன்று, அவள் தலையிலிருந்த தகரப் பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாரே, அந்த முகம்.

அன்று அவள் வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தாள். அவர் கொடுக்கவில்லை.

அவள் வாயை மூடிக்கொள்கிறாள்.

யாரோ இருமுகிறார்கள். ஒரு குழந்தை கேள்வி கேட்டு, அடக்கப்படுகிறது. சிங்காரவேலுவின் பார்வை தன் பிடரியில் கெஞ்சுவது அவளுக்குத் தெரிகிறது. அவர் கெட்டவரில்லை. ஆனாலும் எழுதுவார்.

பீடத்தில் அவர் கண்களை மூடியிருக்கிறார். இத்தனை வாரங்களில் இல்லாத அமைதி.

பென்சில் நகரும் சத்தம் கேட்கிறது.

சிறையின் சிமெண்டுத் தரை அவர் முதுகுக்கு ஆகாது. பச்சைக் கம்பளியைக் கொடுத்தனுப்ப வேண்டும்.