காம்பு நறுக்கிய தக்காளிகள்

டியூப்லைட் வெளிச்சத்தில் எஃகுத் தட்டு மினுங்குகிறது. அதிலுள்ள தக்காளிகளை ஊசியால் குத்தி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் திரவம் விடுகிறேன். நேற்று குத்தியவை குழைந்து நீர்விட்டுக் கிடக்கின்றன. என் ஆய்வகத்தை முதன்முறையாகப் பார்க்க வந்திருக்கும் அம்மா, எதிலும் இடித்துவிடாமல் பையை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். "சொட்டுல பூஞ்சையே இல்லேங்கிற, அப்புறம் எப்படிடி அழுகுது?" "பூஞ்சையை வடிகட்டிட்டேன்மா, அது விட்ட நொதி மட்டும்தான் இருக்கு. அதுக்குப் பல்லா இருக்கு கடிக்க? இந்த எச்சிலை விட்டுக் கரைச்சுக் குடிக்கும்." "உன் சித்தப்பன் மாதிரின்னு சொல்லு. உக்காந்த எடத்துலயே ஊரைத் தின்னுடுவான்." சிரித்துக்கொண்டே குனிகிறவளின் சிரிப்பு, தட்டிலுள்ள பழங்களின் காம்பைக் கண்டதும் பாதியில் நிற்கிறது. பைக்குள் ஒன்றையொன்று குத்திவிடக் கூடாதென்று கத்தரியால் காம்பை ஒட்ட நறுக்குகிறவள் அவள் ஒருத்திதான். "நம்ம காயி." இதே அழுகல் எங்கள் தோட்டத்தைத் தின்றது போக மிஞ்சியதை, நான் சாப்பிடவென்று துணியில் சுற்றி அனுப்பியிருந்தாள். "கடைப்பழத்துல மருந்து அடிச்சிருப்பாங்கம்மா, சோதனைக்கு ஆகாது." தூ, இதுதான் வருகிறது என் வாயில். ஏசினால் நானும் கத்தித் தொலைப்பேன், அவள் ஏசவில்லை. இன்று கொண்டுவந்த பையையும் மெதுவாகத் தட்டின் பக்கத்தில் வைக்கிறாள். "அப்போ இதையும் எடுத்துக்கோ. ஒண்ணுகூட அடிபடல." அழுகிய பழமொன்று தானாகப் பிளந்து தட்டில் வழிகிறது. கையிலிருக்கும் ஊசியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.